சுருங்கிய போர்வை

பெரியக்கா தன் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அவசரம்" என்றுதான் கூப்பிடுவார். "ஏய் அவசரம், அடுப்புல பால் பொங்குது பாரு." "அவசரம் வந்தாச்சா? ஒரு செருப்பு வாசல்ல கிடக்கு, இன்னொண்ணு பஸ்லயா?" தங்கைக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. தலைமுடியில் வெள்ளை இறங்கியிருந்தது. ஆனாலும் அந்தப் பெயருக்குச் சட்டென்று திரும்பிப் பார்ப்பார், கோபமே இல்லாமல்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். இந்தக் குளிர் தேசத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் கீழ்வீட்டில் எல்லோருக்கும் நான் டீச்சர். மின்சாரக்காரர் வந்தாலும், கதவைத் தட்டி யாராவது எதையாவது விற்க வந்தாலும், "டீச்சர், கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்று குரல் வரும். வேகமாக இறங்குவேன். என்ன பிரச்சினையோ, எந்த வார்த்தை எனக்குத் தெரியாமல் போகுமோ என்று ஒவ்வொரு படியிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒருநாளும் அந்தப் படபடப்பு குறைந்ததில்லை.

கீழ்வீட்டின் முன்னறை முழுக்கத் தறி. பெரியக்கா கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியபோது பழைய கைத்தறி ஒன்றை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கணவர் இறந்த பிறகு மகளோடு தங்கை வீட்டுக்கு வந்தவர், துணிமணியோடு தறியையும் கழற்றி எடுத்து வந்தார். அதை மறுபடி மாட்டியதும் சோபாவுக்கு இடமில்லாமல் போனது. சோபா நிமிர்த்தி வைக்கப்பட்டு, விருந்தாளி மாதிரி சுவரோரம் நின்றது. தங்கையை நான் சின்னக்கா என்பேன்; அவர் கணவர் டெலிவரி வேன் ஓட்டுபவர், வாய் சும்மா இருக்காது. "இந்த வீட்டுல தறிக்குத்தான் தனி ரூம் டீச்சர். நான் அதுகிட்ட வாடகைக்கு இருக்கேன்" என்பார்.

சின்னக்கா ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். படுக்கை விரிப்பும் துவாலையும்தான் நாள் முழுக்க. அதனால் அக்கா நெய்வதும் தங்கை துவைப்பதும் என்று வீட்டில் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி முரடாக இருக்கும், தோளில் போட்டால் குத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசி எடுத்தால்தான் நூலெல்லாம் தளர்ந்து மெத்தென்று ஆகும். சூடு கூடினாலோ அழுத்தித் தேய்த்தாலோ கம்பளி மயிர் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு யார் சொன்னாலும் விடாது. இது சின்னக்காவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற அளவுக்குத் தெரியும்.

பெரியக்காவின் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்புவதாக இருந்தாள். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்கப் பெரியக்கா ஒரே ஒரு போர்வையைத்தான் நெய்தார். மகள் குழந்தையிலிருந்து போட்ட ஸ்வெட்டர்களை ஒன்றுகூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிரித்தார். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை நனைத்து, நுனியில் கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்க வேண்டும். குளியலறையில் கால் வைக்க இடம் இருக்காது. வேன்காரர் துண்டோடு வெளியே நின்று, "அக்கா, பாப்பாவோட ரெண்டாங்கிளாஸ் ஸ்வெட்டர் என் தலையில சொட்டுது" என்று கத்துவார்.

அந்த நூல்களைப் பட்டை பட்டையாகக் குறுக்கு நூலாய் ஊடு கொடுத்து நெய்தார். மஞ்சள் பட்டை, முதல் குளிருக்குப் பின்னியது. பச்சை, பள்ளி நாடகத்துக்கு. நடுவில் கருநீலப் பட்டை, பள்ளிச் சீருடை. அது மட்டும் கடையில் வாங்கியது, கம்பளி இல்லை, ஏதோ செயற்கை நூல். "இதுவும் எதுக்குக்கா? பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்றார் தங்கை. "அவ அதைத்தானடி அதிக நாள் போட்டா" என்றார் அக்கா.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் போர்வை தறியிலிருந்து இறங்கியது. வீட்டுக் குளியலறையில் அவ்வளவு பெரிய போர்வையை நனைத்துத் தூக்க முடியாது. "எங்க இடத்துல சின்ன மெஷின் இருக்கு. பச்சைத் தண்ணியில ஒரு சுத்து விட்டு, அங்கயே காயவெச்சு எடுத்திட்டு வந்திடறேன்" என்று சின்னக்கா போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார்.

அங்கே நடந்ததை அவரே பின்னால் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், ஒரு சொல்கூட மாறாமல். அந்தச் சின்ன இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டாம். கடைசியாக ஓடிய சூட்டை அப்படியே ஞாபகம் வைத்திருக்கும். நாம்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஓடியவை சமையலறைத் துவாலைகள், கொதிக்கிற சூடு. சின்னக்கா போர்வையைப் போட்டார், கதவைச் சாத்தினார், பொத்தானை அமுக்கினார், விரிப்புகளை மடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வட்டக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"கதவை இழுத்தேன் டீச்சர். ஓடி முடிக்கிற வரைக்கும் திறக்காது, எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் இழுத்தேன். உள்ள மஞ்சள் போகுது, பச்சை போகுது, நான் வெளியில நிக்கிறேன்."

வெளியே வந்த போர்வை பாதியாகியிருந்தது. கம்பளிப் பட்டைகள் சுருங்கிக் கெட்டித்து, நெய்த தடமே தெரியாமல் ஒரே தடிமனாகக் கிடந்தன. செயற்கை நூல் சுருங்காதே. அதனால் கருநீலப் பட்டை மட்டும் இருந்த அளவிலேயே இருக்க முயன்று, இரண்டு பக்கமும் நெருக்க நெருக்க, அலை அலையாக மேலே எழும்பி நின்றது.

முன்னறையில் அதை விரித்தபோது நானும் இருந்தேன். மகள்தான் முதலில், "பரவாயில்ல சித்தி, அழாதீங்க" என்றாள். வேன்காரர் தன்னால் முடிந்ததைச் செய்தார். "இனிமே இதைப் பூனைக்குத்தான் போர்த்தணும். பூனையும் நம்மகிட்ட இல்ல."

பெரியக்கா ஊசியை எடுத்துக்கொண்டு போர்வையின் ஒரு மூலையில் உட்கார்ந்தார். நெய்கிறவர்களுக்கு அது பழக்கம். தப்பு விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். தறியில் பிரிக்க முடியாதது ஒன்றும் இல்லை. வெகுநேரம் நெம்பினார். மயிர்தான் பிசிறு பிசிறாக எழும்பியது.

"நூல் நுனியே கிடைக்கலடி" என்றார். பிறகு ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, "சரி விடு. கை தவறுறது யாருக்கும்தான். போய் முகத்தைக் கழுவு, அவசரம்."

மகள் கடையில் வாங்கிய போர்வையோடு ஊருக்குப் போனாள். சுருங்கியதை எறிய மனம் வராமல், முன்னறைச் சுவரில் ஈரம் ஊறிய இடத்தை மறைக்க மாட்டி வைத்தார்கள்.

கம்பளியை நெய்யாமல் சூட்டிலேயே இறுக்கிச் செய்கிற ஃபெல்ட் துணி பக்கம் சின்னக்கா போனது அதற்குப் பிறகுதான். தினமும் வேலை முடிந்து வந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். விரலால் அந்த நீல அலைகளைத் தடவுவார். முதலில் பழைய கம்பளிச் சால்வைகளை வேண்டுமென்றே சூட்டில் போட்டுப் பார்த்தார். பிறகு நூற்காத கம்பளியை மூட்டையாக வாங்கி, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, சுடுதண்ணீரும் சோப்பும் தெளித்து, பாயில் வைத்துச் சுருட்டி உருட்ட ஆரம்பித்தார். உருட்டி, பிரித்து, திசை மாற்றி, மறுபடி உருட்டி. தறியும் இல்லை, நூலும் இல்லை, துணி மட்டும் வந்துவிடும். சமையலறையில் சோப்பு வாசனையும் நனைந்த ஆட்டு வாசனையும் கலந்து மாடிக்கு வரும்.

"சாப்பாடா, சலவையா? வாசனையில ஒண்ணும் புரியல" என்பார் வேன்காரர்.

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே, எதைக் குடுத்தாலும் கொட்டிக்கிறீங்க" என்று பதில் வரும்.

அக்காவும் சேர்ந்துகொண்டார். சுருங்குகிற நூலையும் சுருங்காத நூலையும் மாற்றி மாற்றித் தங்கைக்காகத் தளர்வாக நெய்து கொடுப்பார். தங்கை அதைச் சுடுதண்ணீரில் போட்டு மேடும் பள்ளமுமாக எடுப்பார். "நான் நாள் முழுக்கக் கஷ்டப்பட்டு நெய்யறேன், இவ ஒரு நிமிஷத்துல நாசம் பண்றா" என்று பெரியக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். தங்கை, "நாசம் பண்றதுக்கும் ஒரு கை வேணும்கா" என்பார். அவர்கள் இருவரும் அத்தனை சந்தோஷமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு, யாராவது அப்படியே நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது.

நகரத்துக் கலைக் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என் வகுப்புக்கு வரும் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். சின்னக்கா தான் செய்தவற்றையெல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தார். எனக்கு இடையில் நின்று மொழிபெயர்க்கும் வேலை. வந்தவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். போகிற முகம் அது, எனக்கே தெரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு திரும்பியவர் சுவரைப் பார்த்து நின்றார்.

வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: இதை எப்படிச் செய்தீர்கள்? இந்த நீலம் மட்டும் இப்படி எழும்பி நிற்க வேண்டும் என்று முன்பே நினைத்துச் செய்ததா, இல்லை தானாக அமைந்ததா?

நான் அதை அப்படியே சின்னக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அத்தனை வருடங்களில் அவரிடம் மேலதிகாரிகள் கேட்டதெல்லாம் ஏன் கறை போகவில்லை, ஏன் தாமதம் என்பதுதான். எப்படிச் செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நினைச்சுத்தான் செஞ்சேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். "எது சுருங்கும், எது சுருங்காதுன்னு பார்த்து, வேணும்னேதான் சூட்டுல போட்டேன்."

பெரியக்கா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தார். வந்தவருக்கு முதலில் கொடுத்தார், பிறகு எனக்கு. சர்க்கரை போதுமா என்று கேட்டார். தங்கையின் கோப்பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வந்தவர் போர்வையைக் காட்சிக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சின்னக்கா தலையாட்டினாரே தவிர, கேட்டாரா என்று தெரியவில்லை. அந்த டீயை யாரும் குடிக்கவில்லை. ஆடை கட்டி அங்கேயே இருந்தது.

வந்தவர் போன பிறகு பெரியக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கை தவறிடுச்சுன்னு சொன்னே, நம்பினேன். இப்ப வேணும்னே செஞ்சேன்னு சொல்றே. ரெண்டுல எதுடி நிஜம்?"

"அக்கா! அது சும்மா அவங்களுக்காகச் சொன்னதுக்கா."

"எனக்குச் சொன்னது எனக்காகச் சும்மா சொன்னதா?"

"பைத்தியம் மாதிரி பேசாத. பாப்பாவோட போர்வையை நான் போய் வேணும்னு..."

"நான் சொல்லல. நீதான் சொன்னே. டீச்சர் சாட்சி."

என்னை ஏன் இழுக்கிறார் என்று படிப்பக்கம் நகர்ந்தேன்.

பெரியக்கா கேட்டது பெரிய விஷயம் இல்லை. "அந்தம்மாவுக்குப் போன் பண்ணி, தவறிப் போனதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்கு அது போதும்." சின்னக்காவும் சரி என்றார். நாளைக்கு என்றார். அடுத்த வாரம் என்றார். போர்வையை எடுக்க அவங்களே வருவாங்களே, நேர்ல சொல்லிக்கலாம் என்றார். சொன்னால் போர்வையை வேண்டாம் என்றுவிடுவார்களோ, அதோடு தன்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். வாழ்நாள் முழுக்க அவசரம் என்று பெயர் வாங்கியவர், இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவசரப்படவில்லை.

பெரியக்கா அதன்பிறகு தங்கைக்காக நெய்யவில்லை. தனக்காகத் தறியில் நீளவாட்டு நூலாய் ஒரு பாவு ஏற்றி, கொஞ்ச தூரம் நெய்தார். ஒருநாள் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்தார். மகள் தனியாகச் சிரமப்படுகிறாள், கூட இருக்கப் போகிறேன் என்றார். வேன்காரர்தான் கொண்டுபோய் விட்டார். "வழி பூரா ரேடியோதான் டீச்சர். நான் மூணு ஜோக் சொன்னேன். மூணுக்கும் 'ம்'னாங்க" என்றார் திரும்பி வந்து.

காட்சி திறந்த நாளில் என்னையும் அழைத்துப்போனார்கள். வெள்ளைச் சுவர், மேலிருந்து விளக்கு, போர்வை மட்டும் தனியாகத் தொங்கியது. ஈரச் சுவரை மறைத்துக்கொண்டிருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆட்கள் கிட்டே வந்து மூலையில் குனிந்து பார்த்தார்கள். பெரியக்கா ஊசியால் நெம்பியதில் எழும்பிய பிசிறு அந்த மூலையில் அப்படியே இருந்தது. அங்கே என்ன அழகு என்று ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சின்னக்காவை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதை நெய்ஞ்சது எங்க அக்கா" என்றார். "சுருங்கினது என் தப்பு. சூட்டை மாத்த மறந்துட்டேன். வேணும்னு செஞ்சேன்னு சொன்னது பொய். அவ்வளவுதான்."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் மொழி அன்று தடுமாறவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு. பிறகு கை தட்டினார்கள். காட்சிக்கூடத்து அம்மாள் சின்னக்காவைக் கட்டிக்கொண்டு, என்ன அடக்கம் என்றார். மேடைக்கூச்சத்தில் சொன்ன வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். சின்னக்கா என் கையைப் பிடித்து, "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர். புரியற மாதிரி சொல்லுங்க" என்றார். சொன்னேன். இன்னும் கொஞ்சம் கை தட்டினார்கள்.

போர்வையைக் காட்சிக்கூடமே நிரந்தரமாக வைத்துக்கொண்டது. மறுநாள் சின்னக்கா அக்காவுக்குப் போன் செய்தார். முன்னறையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"சொல்லிட்டேன்கா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"பாப்பாவும் சொன்னா. யாரோ வீடியோ போட்டிருக்காங்களாம்."

"இப்பவாவது நம்பறியா?"

"அன்னைக்கு அந்த டீ ஆறதுக்குள்ள சொல்லியிருக்கலாம்லடி" என்றார் பெரியக்கா. "இப்ப எனக்கு உன்னை நம்பணும்னுதான் இருக்கு. முடியுதான்னு தெரியல."

சின்னக்கா தறியில் உட்கார்ந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அவர் நெய்ததே இல்லை. அக்கா பாதியில் விட்ட பாவு அப்படியே இருந்தது. நாடாவில் தூசி. அவருடைய ஃபெல்ட்டைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், காட்சிகளும் தொடர்ந்தன. ஆனால் வேலை முடிந்து வந்தால் முதலில் தறிதான். ஓரம் கோணலாகப் போகும். அக்கா நெய்த நேரான ஓரம் நின்று, தங்கை ஆரம்பித்த இடத்திலிருந்து கரை வளைந்து வளைந்து போவது யாருக்கும் தெரியும். தப்பாக விழுந்தால் பிரிப்பார். மறுபடி நெய்வார். மறுபடி பிரிப்பார். "நீ நெய்யறதைவிடப் பிரிக்கிறதுதான் அதிகம்" என்றார் வேன்காரர். "பிரிக்க முடியுதுல்ல" என்றார் சின்னக்கா.

பாவு முடிந்ததும் துணியை இறக்கினார். துவைக்கவில்லை. முரடாக, தறியின் விறைப்போடு அப்படியே மடித்து, கணவரின் வேனிலேயே அக்காவுக்குக் கொடுத்தனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, நான் கீழே இருந்தபோது, அக்காவிடமிருந்து போன் வந்தது, இப்போதும் ஸ்பீக்கரில்.

"என்னடி இது, சாக்கு மாதிரி குத்துது. துவைச்சுக் குடுக்கத் தெரியாதா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"ஓரம் வேற பாம்பு மாதிரி போகுது."

"நான் நெய்ஞ்சது அந்தப் பக்கம். உன்னோடது நேராத்தான் இருக்கு."

"அது தெரியுது."

சின்னக்கா தறியின் வெறும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் வரட்டுமா? அங்க வந்து, உன் கண் முன்னாடியே துவைச்சுத் தர்றேன். தண்ணியை நீயே தொட்டுப் பாரு."

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மகளாக இருக்கலாம்.

"பார்க்கலாம்" என்றார் பெரியக்கா.

இது நடந்து மூன்று குளிர்காலம் போய்விட்டது. நானும் வீடு மாறிவிட்டேன். போன மாதம் வழியில் சின்னக்காவைப் பார்த்தபோது, அந்தத் துணி என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். அக்கா அதை நாற்காலி முதுகில் போட்டு வைத்திருக்கிறாராம். இன்னும் துவைக்கவில்லையாம், இவரை வா என்று கூப்பிடவும் இல்லையாம். மகள் சொன்னாளாம்.